பிளஸ் டூவுக்குப் பிறகு எந்த நர்சிங்?

பிளஸ் டூ ரிசல்ட் வந்த வாரத்தில் வடசென்னையின் புளியந்தோப்புப் பக்கம் போனால், மின்கம்பங்களிலும் ஆட்டோக்களின் முதுகிலும் வெள்ளைக் கோட்டுப் படம் போட்ட நோட்டீசுகளைப் பார்க்கலாம். ஓராண்டு நர்சிங், ஆறு மாத நர்சிங், பத்தாம் வகுப்பு ஃபெயிலானாலும் நர்சிங், நூறு சதவீதம் வேலை உறுதி. கையில் மார்க் ஷீட்டோடு இ-சேவை மையத்தில் வரிசையில் நிற்கும் அம்மாக்கள் பக்கத்தில் நிற்பவரிடம் கேட்கும் கேள்வியும் இதையொட்டித்தான் இருக்கும்: "ஏம்மா, ஒரு வருஷத்துல நர்ஸ் ஆயிடலாம்னு சொல்றாங்களே, நெசமா?"

அந்தக் கேள்விக்குப் பின்னால் ஒரு கணக்கு இருக்கிறது. இந்தப் பகுதியின் பழைய நிரந்தர வேலை பின்னி மில். 1921ல் பெரிய வேலைநிறுத்தமும் கலவரமும் கண்ட அந்தப் பக்கிங்காம் கர்நாடிக் மில் 1996ல் மூடியபோது, தாத்தா வேலையை மகனுக்கு வாங்கிக் கொடுக்கும் வழி அடைபட்டது. பிறகு வந்தவை ஆடுதொட்டி, ஹார்பர் லோடு, யார்டில் காண்ட்ராக்ட் கூலி, வாடகை ஆட்டோ. பெண்களுக்கு வீட்டு வேலையும் எக்ஸ்போர்ட் கம்பெனித் தையலும். மாதச் சம்பளம், பி.எஃப்., மரியாதை மூன்றும் சேர்ந்து ஒரு பெண்ணின் கைக்கு வரக்கூடிய வேலைகளில் நர்ஸ் வேலை முன்வரிசையில் இருக்கிறது. அதனால் "நர்சிங் படிக்கலாமா?" என்று இங்கே யாரும் அதிகம் யோசிப்பதில்லை. எந்த நர்சிங் என்பதில்தான் பிள்ளைகள் வழி தவறுகிறார்கள்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு படிப்பு நர்சிங்தானா என்பதைத் தீர்மானிப்பது தமிழ்நாடு செவிலியர் மற்றும் தாதியர் குழுமத்தின் பதிவு எண். அந்த எண்ணைத் தராத படிப்பில் நர்ஸ் ஆகும் எண்ணத்தோடு சேரவே கூடாது. எண்ணைத் தரும் படிப்புகளுக்குள், அரசு இடம் எதில் கிடைக்கிறதோ அதுவே முதல் தேர்வு. வட்டிக்கு வாங்கிச் சேரும் தனியார் பட்டத்தைவிட அரசு மருத்துவமனையில் படிக்கும் டிப்ளமோ, இந்தத் தெருக்களில் வாழும் குடும்பங்களுக்கு மேலானது. மற்றதெல்லாம் இதற்கான விளக்கம்.

பதிவு தரும் வாசல்கள் மூன்று. கீழ்ப்படி ஏ.என்.எம். எனப்படும் துணைச் செவிலியர் படிப்பு. இரண்டு ஆண்டு, பெண்களுக்கு மட்டும், பிளஸ் டூவில் எந்தப் பிரிவு எடுத்திருந்தாலும் போதும். அடுத்தது டிப்ளமோ, அதாவது ஜி.என்.எம். மூன்று ஆண்டு. 2015 வரை மூன்றரை ஆண்டாக இருந்ததை இந்திய நர்சிங் கவுன்சில் குறைத்தது. கவுன்சில் விதிப்படி ஆங்கிலத்தோடு பிளஸ் டூ தேறி 40 சதவீதம் எடுத்திருந்தால் எந்தப் பிரிவினரும் சேரலாம், வயது 35 வரை. அரசுப் பள்ளிகள் அறிவியல் படித்தவர்களுக்கு முன்னுரிமை கொடுக்கும் என்பதால் அந்தந்த ஆண்டின் கையேட்டைப் பார்த்துக்கொள்ள வேண்டும். மூன்றாவது பி.எஸ்ஸி. நர்சிங். நான்கு ஆண்டு, 2021லிருந்து எட்டு செமஸ்டர். இயற்பியல், வேதியியல், உயிரியல், ஆங்கிலம் படித்து 45 சதவீதம் வேண்டும், பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்களுக்கு 40. தமிழ்நாட்டு அரசின் கலந்தாய்வில் பி.எஸ்ஸி. நர்சிங்குக்கு நீட் கிடையாது, பிளஸ் டூ மதிப்பெண்தான். நீட் என்ற சொல்லைக் கேட்டதுமே விண்ணப்பம் போடாமல் விட்ட பிள்ளைகள் வடசென்னையில் எத்தனையோ பேர் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

டிப்ளமோ, பட்டம் இரண்டுக்கும் குழுமம் தருவது ஒரே பதிவு: பதிவு பெற்ற செவிலியர், பதிவு பெற்ற தாதி. வார்டில் இருவரும் ஒரே டூட்டி சார்ட்டில் இருப்பார்கள், ஒரே ஊசியைப் போடுவார்கள், ஒரே கேஸ் ஷீட்டில் கையெழுத்திடுவார்கள். பிறகு எதற்கு இரண்டு வழி? வரலாற்றில் பதில் இருக்கிறது. சென்னை பொது மருத்துவமனையில் 1871ல் நர்சுகளுக்குப் பயிற்சி தொடங்கியபோது, வார்டில் வேலை செய்துகொண்டே கற்பதுதான் முறை. மருத்துவமனைக்கு ஆள் வேண்டும், அதற்கு விலையாகப் பயிற்சி. 1926ல் மெட்ராஸ் செவிலியர் தாதியர் சட்டம் வந்து பதிவைக் கட்டாயமாக்கும் ஏற்பாட்டைத் தொடங்கியபோதும் பயிற்சி மருத்துவமனையின் கையில்தான் இருந்தது. 1946ல் போர் என்பவர் தலைமையிலான சுகாதாரக் கமிட்டி நாட்டில் 43,000 பேருக்கு ஒரு நர்ஸ் என்று கணக்குக் காட்டி, பல்கலைக்கழகப் படிப்பாகவும் நர்சிங் வளர வேண்டும் என்றது. அதே ஆண்டில் வேலூர் சி.எம்.சி.யும் டெல்லி நர்சிங் கல்லூரியும் நாட்டின் முதல் பி.எஸ்ஸி. நர்சிங் வகுப்புகளைத் தொடங்கின. மருத்துவமனைப் பள்ளி ஒரு தடம், பல்கலைக்கழகம் ஒரு தடம் என்று பிரிந்தது அப்போது. தேவை தீராததால் இரண்டும் நீடித்தன. டிப்ளமோவை 2020-21ஓடு நிறுத்திவிடலாம் என்று இந்திய நர்சிங் கவுன்சில் முடிவெடுத்துப் பிறகு நிறைவேற்றாமல் விட்டதற்கும் அதுவே காரணம் என்று நினைக்கிறேன். நர்சிங் கல்லூரி இல்லாத மாவட்டங்களில் வார்டு நடப்பது டிப்ளமோ நர்சுகளால்தான்.

இது நம் ஊருக்கு மட்டுமான சங்கடம் இல்லை. அமெரிக்காவில் இரண்டாம் உலகப் போருக்குப் பின் நர்ஸ் பற்றாக்குறை வந்தபோது, மில்ட்ரெட் மான்டாக் என்ற பேராசிரியை 1950களின் தொடக்கத்தில் சமூகக் கல்லூரிகளில் இரண்டாண்டு நர்சிங் படிப்பைக் கொண்டுவந்தார். அதில் தேறியவரும் நான்காண்டுப் பட்டதாரியும் எழுதும் உரிமத் தேர்வு ஒன்றுதான். ஏழைக் குடும்பங்களும் குழந்தை பெற்ற பிறகு படிக்க வந்த பெண்களும் அந்தக் கதவு வழியாகத்தான் நர்சிங்குக்குள் நுழைந்தார்கள். ஆனால் பெரிய மருத்துவமனைகள் மெல்ல மெல்லப் பட்டதாரிகளையே தேடின. 2017 டிசம்பரில் நியூயார்க் மாநிலம் ஒரு சட்டம் போட்டது: இரண்டாண்டுப் படிப்போடு வேலைக்குச் சேரலாம், 10 ஆண்டுக்குள் பட்டம் முடிக்க வேண்டும். கதவை மூடாமல் படியை நீட்டும் ஏற்பாடு இது. இங்கிலாந்து வேறு வழியில் போனது. 2013லிருந்து அங்கே புதிதாகப் படிப்பவர் எல்லோரும் பட்டம்தான் படிக்க வேண்டும். நான் நியூயார்க் பக்கம்.

நம்மிடமும் அந்தப் படி இருக்கிறது. போஸ்ட் பேசிக் பி.எஸ்ஸி. என்பது டிப்ளமோ முடித்துப் பதிவு செய்தவர்களுக்கான இரண்டாண்டுப் பட்டம். மூன்றும் இரண்டும் ஐந்து ஆண்டு. நேராக பி.எஸ்ஸி. படித்தவரைவிட ஓராண்டு கூடுதல்தான், ஆனால் நடுவில் சம்பாதித்துக்கொள்ளலாம், தம்பி தங்கையின் ஃபீஸைக் கட்டலாம், பிறகு படிக்கலாம். ஏ.என்.எம். பதிவு செய்தவரும் ஜி.என்.எம்.முக்கு மேலேறலாம். டிப்ளமோ என்றால் பாதியில் நின்ற படிப்பு என்று சொல்பவர்கள் இந்தப் படிகளை அறியாதவர்கள்.

சான்றிதழின் பெயரைவிட முக்கியமானது, எந்த வார்டில் நின்று கற்றோம் என்பது. கவுன்சில் விதியில் நர்சிங் கல்லூரிக்கு 100 படுக்கை மருத்துவமனை வேண்டும், மாணவி ஒருவருக்கு மூன்று நோயாளி என்ற விகிதம் வேண்டும் என்றெல்லாம் இருக்கிறது. புளியந்தோப்பிலிருந்து பேசின் பிரிட்ஜைத் தாண்டி, மின்ட் வழியாகப் பழைய ஜெயில் ரோட்டுக்குப் போனால் வரும் ஸ்டான்லியில் அந்த விகிதத்தைப் பற்றி யாரும் கவலைப்பட வேண்டியதில்லை. கஞ்சித் தொட்டி ஆஸ்பத்திரி என்று பாட்டிமார் இன்னமும் சொல்லும் அந்த மருத்துவமனை, எண்ணூரிலிருந்தும் திருவொற்றியூரிலிருந்தும் வரும் தொழிற்சாலை விபத்து, தீக்காயம், ஹார்பர் விபத்து எல்லாவற்றையும் ஏற்றுக்கொள்கிறது. பக்கத்தில் ராயபுரத்தில் 1880ல் தொடங்கிய ஆர்.எஸ்.ஆர்.எம். பிரசவ மருத்துவமனை. ஓட்டேரியில் நெஞ்சக நோய் மருத்துவமனை, தண்டையார்பேட்டையில் தொற்றுநோய் மருத்துவமனை. மெட்ராஸில் நர்சிங் கற்க இதைவிட வளமான வட்டாரம் குறைவு.

அங்கே ஒரு டிப்ளமோ மாணவியின் காலைப் பொழுதைப் பாருங்கள். ஏழு மணிக்கு முன்பே வார்டில் இருக்கிறாள். இரவு டூட்டி ஸ்டாஃப் ஒவ்வொரு படுக்கையாகக் கைமாற்றிச் சொல்வதைக் கேட்கிறாள்: இவருக்கு ராத்திரி யூரின் இறங்கவில்லை, இவருக்கு ரத்தம் ஏறிக்கொண்டிருக்கிறது, இந்தப் பாட்டிக்குக் கூட ஆளில்லை. டி.பி.ஆர். சார்ட்டில் சூடு, நாடி, மூச்சு மூன்றும் எழுத வேண்டும். மூச்சை எண்ணுவதை நோயாளிக்குத் தெரியாமல் செய்ய வேண்டும், தெரிந்தால் அவர் மூச்சு மாறிவிடும். அதனால் மணிக்கட்டை விடாமல் பிடித்தபடியே, நாடி பார்ப்பது போலவே, நெஞ்சு ஏறி இறங்குவதை எண்ணப் பழகுகிறாள். சர்க்கரை நோயாளியின் நரம்பு கைக்குச் சிக்காதபோது வென்ஃப்ளான் ஊசியை எங்கே போடுவது என்று சீனியர் அக்கா விரலால் தடவிக் காட்டுகிறார். ஒரே வாரத்தில் இவள் பார்க்கும் வகை வகையான நோயாளிகளை, மாணவிகள் கூட்டம் கூட்டமாக ஒரு படுக்கையைச் சுற்றி நிற்கும் சிறு தனியார் கல்லூரியில் ஓராண்டிலும் பார்க்க முடியாமல் போகலாம். வேலைக்கான நேர்காணலில் பட்டத்தைக் கேட்கும் அதே அதிகாரி, ஐ.சி.யு. போஸ்டிங் எத்தனை மாதம் பார்த்தாய் என்றும் கேட்பார்.

ஒன்றைக் கவனத்தில் வைக்க வேண்டும். ஸ்டான்லிக்குப் பக்கத்தில் வீடு என்பதற்காக ஸ்டான்லியிலேயே இடம் கிடைத்துவிடாது. அரசு டிப்ளமோவுக்கு மாநிலம் முழுவதற்கும் ஒரே தரவரிசை. தர்மபுரியிலோ தூத்துக்குடியிலோ கிடைக்கலாம், ஹாஸ்டலில் இருக்க வேண்டிவரும். பெண்ணை வெளியூர் அனுப்ப மனமில்லாமல் அந்த இடத்தை விட்டுவிட்டு, வீட்டருகே தனியார் நிறுவனத்தில் லட்சக்கணக்கில் கட்டும் குடும்பங்களிடம் நான் மன்றாடிச் சொல்வேன்: அந்த அரசு இடத்தை விடாதீர்கள்.

பணம் பற்றிப் பேசாமல் இந்தத் தேர்வு நடக்காது. அரசுப் பள்ளியிலும் அரசுக் கல்லூரியிலும் ஆண்டுக் கட்டணம் ஆயிரங்களில் முடியும். தனியார் கல்லூரியின் நிர்வாக ஒதுக்கீட்டில் நான்கு ஆண்டுக்குப் பல லட்சம். நடுவே ஒரு வழி இருப்பதைப் பலர் கவனிப்பதில்லை. சிறுபான்மையினர் நடத்தாத தனியார் கல்லூரிகள் 65 சதவீத இடங்களையும், சிறுபான்மைக் கல்லூரிகள் 50 சதவீதத்தையும் அரசுக் கலந்தாய்வுக்குத் தருகின்றன. அந்த இடங்களுக்குக் கட்டணம் வரையறுக்கப்பட்டது. நேராகக் கல்லூரி வாசலுக்குப் போய் அட்வான்ஸ் கட்டுவதற்கு முன் கலந்தாய்வு முடியும்வரை காத்திருக்க வேண்டும். ஆண்டு வருமானம் இரண்டரை லட்சத்துக்குள் இருக்கும் பட்டியல் சாதிக் குடும்பங்களுக்கு போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை உண்டு. ஆறாம் வகுப்பிலிருந்து பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்த பெண்களுக்கு 2022 செப்டம்பரில் தொடங்கிய புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வரும். பட்டத்துக்கு மட்டுமல்லாமல் டிப்ளமோவுக்கும் அது பொருந்தும். வங்கிக் கல்விக் கடனில் 4 லட்சம் வரை ஜாமீன் சொத்து கேட்பதில்லை. படிப்பு முடிந்து ஓராண்டு வரை தவணை தொடங்காது. அதற்குள் வேலையும் வேண்டும், தவணை கட்டுகிற அளவுக்குச் சம்பளமும் வேண்டும்.

சிக்கல் அந்தச் சம்பளத்தில்தான். வடசென்னையின் சிறு நர்சிங் ஹோம்கள் புதிதாக வரும் நர்சுக்குத் தருவது, எக்ஸ்போர்ட் கம்பெனிச் சம்பளத்தைவிடப் பெரிதாக உயர்ந்ததில்லை. பட்டதாரி என்பதால் அங்கே கூடுதலாக ஏதும் பெரிதாகக் கிடைப்பதுமில்லை. உச்ச நீதிமன்றம் 2016 ஜனவரியில் சொன்னதன் பேரில் மத்திய அரசு அமைத்த ஜகதீஷ் பிரசாத் குழு, 50 படுக்கைக்குக் குறைந்த மருத்துவமனையிலும் நர்சுக்கு மாதம் 20,000 ரூபாய்க்குக் குறையக் கூடாது என்றும், 200 படுக்கைக்கு மேல் போனால் அரசு நர்சின் சம்பளமே தர வேண்டும் என்றும் பரிந்துரைத்தது. கேரள நர்சுகள் 2017ல் தெருவில் இறங்கிப் போராடி அடுத்த ஆண்டே அந்த 20,000ஐ அரசாணையாக வாங்கினார்கள். தமிழ்நாட்டில் அது பரிந்துரையாகவே நிற்கிறது. இதை மாற்றாமல் நர்சிங் கல்லூரிகளை மட்டும் பெருக்கிக்கொண்டே போவது பிள்ளைகளுக்குச் செய்யும் அநியாயம். ஒரிஜினல் சர்டிபிகேட்டை வாங்கி வைத்துக்கொண்டு பாண்டு எழுதச் சொல்லும் வழக்கமும் ஒழியவில்லை. கையெழுத்துப் போட வேண்டாம், ஒரிஜினலைத் தர வேண்டாம் என்று பெண்களுக்கு வீட்டிலேயே சொல்லி அனுப்ப வேண்டும்.

அரசு வேலையில் இரண்டு சான்றிதழுக்கும் நடுவே வேறுபாடு மிகக் குறைவு. மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம், எம்.ஆர்.பி., நடத்தும் நர்ஸ் தேர்வில் டிப்ளமோவும் பட்டமும் ஒரே பதவிக்கு, ஒரே சம்பளத்துக்குப் போட்டியிடுகின்றன. 2015ல் அந்த வாரியம் தேர்வு வைத்து 7,243 நர்சுகளை எடுத்தது. மாதம் 7,700 ரூபாய் தொகுப்பூதியம். இரண்டு ஆண்டில் நிரந்தரம் என்று நம்பிச் சேர்ந்தவர்கள் 2017 நவம்பரில் தேனாம்பேட்டை டி.எம்.எஸ். வளாகத்தில் கைக்குழந்தைகளோடு உட்கார்ந்து போராடினார்கள். பட்டதாரியும் டிப்ளமோவும் அன்று ஒரே தரையில்தான் உட்கார்ந்திருந்தார்கள். தொகுப்பூதியம் பிறகு உயர்ந்தது, நிரந்தரம் மட்டும் தவணை தவணையாக வந்தது. கொரோனா வார்டுகளுக்கு எடுக்கப்பட்டவர்களில் 2,472 பேரின் ஒப்பந்தம் 2022 டிசம்பர் 31ஓடு முடிந்துபோனது. அரசு வேலை என்ற கனவோடு சேரும் பிள்ளை, இந்தக் காத்திருப்பையும் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

மத்திய அரசு வேலையில் பட்டத்தின் எடை கொஞ்சம் கூடுகிறது. எய்ம்ஸ் மருத்துவமனைகளுக்கான நார்செட் தேர்வை பி.எஸ்ஸி. முடித்தவர் உடனே எழுதலாம். டிப்ளமோக்காரர் 50 படுக்கை மருத்துவமனையில் இரண்டு ஆண்டு அனுபவம் காட்ட வேண்டும். அடிப்படைச் சம்பளம் இருவருக்கும் 44,900 ரூபாயில் தொடங்குகிறது. நர்சிங் ஆசிரியர் ஆவதற்கும் எம்.எஸ்ஸி.க்கும் பட்டம் கட்டாயம். கற்பிக்கும் ஆசை உள்ள பெண், மதிப்பெண் இருந்தால், நேராக பி.எஸ்ஸி.யையே கேட்க வேண்டும். சென்னை மருத்துவக் கல்லூரியின் நர்சிங் கல்லூரியிலோ செங்கல்பட்டிலோ இடம் கிடைத்தால் இரண்டாம் யோசனைக்கே இடமில்லை.

வெளிநாடு என்று வரும்போது வீட்டில் எல்லோரும் ஒரே குரலில் பட்டம் என்கிறார்கள். முழு உண்மை அது இல்லை. இங்கிலாந்து தன் பிள்ளைகளுக்குப் பட்டம் கட்டாயமாக்கியிருந்தாலும், இங்கிருந்து போகும் டிப்ளமோ நர்சுகளையும் ஆங்கிலத் தேர்வும் செய்முறைத் தேர்வும் வைத்துப் பதிவு செய்கிறது. ஜெர்மனி டிப்ளமோவை ஆவணமாக ஆராய்ந்து, குறையும் பாடத்தை அங்கேயே ஈடுகட்ட வைக்கிறது. அங்கே பெரிய தடை ஜெர்மன் மொழிதான். தமிழக அரசு 1978ல் தொடங்கிய அயல்நாட்டு மனிதவள நிறுவனம் நர்சுகளை வெளிநாடு அனுப்புகிறது, ஜெர்மன் பயிற்சிக்கும் வழி செய்கிறது. தனியார் ஏஜென்டுக்குப் பணம் கட்டுவதற்கு முன் அங்கே ஒரு நடை போய்வரலாம். வளைகுடாவில் சில வேலைகளுக்குப் பட்டம் வேண்டும், எல்லாவற்றுக்கும் வேண்டியதில்லை. எங்கே போனாலும் கேட்பது இரண்டு: பதிவு எண், பெரிய மருத்துவமனை அனுபவம்.

ஏ.என்.எம். பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அந்த வேலையின் உலகமே வேறு. புளியந்தோப்பில் கர்ப்பமான பெண்ணின் பெயரை முதலில் பதிவது, தடுப்பூசி நாளை நினைவூட்டுவது, மழைநீர் தேங்கிய குடியிருப்பில் காய்ச்சல் கணக்கெடுப்பது எல்லாம் நகர்ப்புறச் சுகாதார நர்ஸ்தான். தேசிய நகர்ப்புறச் சுகாதார இயக்கத்தின் கணக்கில் 10,000 பேருக்கு ஒருவர். கே.பி. பூங்கா அடுக்குமாடியில் எந்த வீட்டில் யாருக்குப் பிரசவ தேதி நெருங்குகிறது என்பது அவர் நோட்டில் இருக்கும். வார்டு வேலைக்குப் போக எண்ணி ஏ.என்.எம். சேர்ந்தால் ஏமாற்றம்தான் மிஞ்சும், பெரிய மருத்துவமனைகள் அவரை ஸ்டாஃப் நர்சாக எடுப்பதில்லை. தெருத் தெருவாக நடந்து பெண்களோடு பேசும் வேலை பிடித்தவர்களுக்கு, பள்ளியில் அறிவியல் எடுக்காதவர்களுக்கு, அது கௌரவமான பாதை. பையன்களுக்கு ஏ.என்.எம். கிடையாது, அரசு டிப்ளமோவிலும் பெண்களையே சேர்க்கிறார்கள். நர்ஸ் ஆக நினைக்கும் பையன் பி.எஸ்ஸி. கலந்தாய்வையே முதலில் நம்ப வேண்டும்.

இனி அந்த ஓராண்டு நோட்டீசுகள். அங்கே படித்துவிட்டு வரும் பெண்ணுக்கு வேலை கிடைக்கவே செய்யும், பொய்யில்லை. சிறு கிளினிக்கில் வெள்ளைக் கோட்டு மாட்டி ஊசி போட வைப்பார்கள். சம்பளம் குறைவு, ஏதாவது தவறு நடந்தால் பழி அவள் மேல், சட்டப் பாதுகாப்பு எதுவும் இல்லை. பத்து ஆண்டு வேலை பார்த்தாலும் எம்.ஆர்.பி. விண்ணப்பத்தில் நிரப்ப ஒரு எண் இருக்காது. உண்மையிலேயே ஓராண்டில் வேலைக்குப் போயாக வேண்டிய வீடு என்றால், அரசு மருத்துவமனைகளே நடத்தும் ஓராண்டு டெக்னீஷியன் சான்றிதழ்களைக் கேளுங்கள். ஆபரேஷன் தியேட்டர், டயாலிசிஸ் போன்றவற்றுக்கு அவை இருக்கின்றன. அவை நர்சிங் ஆகாதுதான், ஆனால் தம்மை நர்சிங் என்று சொல்லிக்கொள்வதுமில்லை.

ஒரு நிறுவனத்தில் சேருவதற்கு முன் மூன்று கேள்வி கேட்டால் போதும். இந்தப் படிப்பு முடித்தால் தமிழ்நாடு குழுமத்தில் பதிவாகுமா, எழுதித் தருவீர்களா? பயிற்சி எந்த மருத்துவமனையில், எத்தனை படுக்கை? போன வருஷம் முடித்த அக்கா ஒருவரோடு பேசலாமா? கூடவே பக்கத்து வங்கிக் கிளையில் அந்தப் படிப்புக்குக் கல்விக் கடன் உண்டா என்று கேட்டுப் பாருங்கள். அங்கீகாரம் இல்லை என்று மேனேஜர் தலையாட்டினால் அதுவே ஒரு பதில்.

இந்தக் கேள்விகளை அம்மாக்கள் தனியாகக் கேட்க வேண்டிய நிலை இருக்கக் கூடாது. மாநகராட்சி மேல்நிலைப் பள்ளிகளில் பொறியியலுக்கும் மருத்துவத்துக்கும் வழிகாட்டிக் கூட்டம் நடக்கிறது. நர்சிங்குக்குத் தனியாக, பிளஸ் டூ தொடங்கும்போதே, ஸ்டான்லியிலிருந்து பணியில் இருக்கும் ஒரு டிப்ளமோ நர்சையும் ஒரு பட்டதாரி நர்சையும் அழைத்துவந்து பேச வைக்க வேண்டும். சாதிச் சான்று, வருமானச் சான்று, இருப்பிடச் சான்று மூன்றையும் ரிசல்ட்டுக்கு முன்பே பள்ளி வழியாக வாங்கிவைக்க வேண்டும். கலந்தாய்வு அறிவிப்பு வந்து விண்ணப்பத்துக்குக் கிடைக்கும் அந்தச் சில நாட்களில்தான், காகிதம் கைக்கு வராத பிள்ளை நோட்டீசில் இருக்கும் போன் நம்பருக்குப் பேசுகிறாள்.